காடு விட்ட குதிரை

"நீ விட்ட குதிரைய நீயே போயி கூட்டிக்கிட்டு வா, தம்பி. அது பின்னாடி போன ஆளையும் கூட்டிக்கிட்டு வா. நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அமிர்தவல்லி வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னபோது, பக்கிரிசாமி வாயில் வேப்பங்குச்சியோடு கிணற்றடியில் நின்றிருந்தான். அவள் அவனுடைய அண்ணன் வைரக்கண்ணுவின் மனைவி. இடுப்பில் சேலையை வரிந்து கட்டியிருந்தாள். கையில் ஒரு தண்ணீர்க் குடமும் ஒரு சோற்று மூட்டையும். பதில் கேட்க வந்தவளாகத் தெரியவில்லை. கூட்டிப்போக வந்திருந்தாள்.

வைரக்கண்ணு செவ்வாய்க்கிழமை கடலோரச் சதுப்புக்குள் போனவன். ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கடிவாளமும் கழுத்துப் பட்டையும் ஒரு படி கொள்ளும் எடுத்துக்கொண்டு போனான். வியாழன் இரவும் போய்விட்டது. ஆள் வரவில்லை.

அவன் தேடிப் போனது செங்கா என்கிற பெண் குதிரையை. ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் வண்டி இழுக்கும் பதினேழு குதிரைகளில் அதுதான் நல்ல ஓட்டம். அதைச் சதுப்பில் கொண்டுபோய் விட்டது யார் என்றால், சாட்சாத் நம் பக்கிரிதான்.

பக்கிரிக்கு வேலை சுழி பார்ப்பது. குதிரையின் உடம்பில் மயிர் சுழித்து வளரும் இடங்களைத் தடவிப் பார்த்து, இது குடும்பத்தை வாழவைக்குமா, வாரிக்கொண்டு போகுமா என்று சொல்லிவிடுவான். நெற்றியில் இரட்டைச் சுழி என்றால் வீட்டில் ஓயாத சண்டை. தொண்டையில் இருந்தால் யோகம். முதுகில் சேணம் படும் இடத்தில் இருந்தால் ஏறியவன் தானாக இறங்கமாட்டான், நாலு பேர் இறக்கித்தான் வைப்பார்கள். எல்லாவற்றிலும் கெட்டது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழியும் தடத்தில் இருக்கும் சுழி. அதற்குக் கண்ணீர்ச் சுழி என்று பெயர். அந்தக் குதிரை நிற்கும் வீட்டில் அழுகை ஓயாது.

இருபத்தாறு வயதுப் பயலுக்கு இவ்வளவு ஞானம் எப்படி வந்தது என்று கேட்டால், அவன் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

செங்காவுக்கு இடது கண்ணின் கீழ் ஒரு சுழி உண்டு. குட்டியாக வாங்கும்போதே பக்கிரி அதைப் பார்த்தான். "அரைச் சுழிதான், பாதகமில்ல" என்றான். அண்ணனுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை. இந்தப் பங்குனியில் அமிர்தவல்லிக்கு எட்டாம் மாதத்தில் தலைப்பிள்ளை தவறிப்போனது. அழுகை கேட்ட வீட்டுக்கு முன்னால் நின்ற குதிரையைப் பக்கிரி மறுபடி தடவிப் பார்த்தான். அரைச் சுழி முழுச் சுழியாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் மற்ற வண்டிக்காரர்கள் செங்காவின் பக்கத்தில் தங்கள் குதிரையைக் கட்ட மறுத்தார்கள். அண்ணன் மட்டும், "உன் வெரலுக்கு வேற வேல இல்லாம போச்சாடா" என்று சிரித்தான். அவன் வெளியூர்ப் பந்தயம் பார்க்கப் போயிருந்த நாளில் பக்கிரி செங்காவை அவிழ்த்துக்கொண்டு போனான். அமிர்தவல்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை போன வயிறு. அவள் தடுக்கவில்லை.

கெட்ட சுழிக் குதிரையை விற்கக் கூடாது, பாவம் அடுத்தவன் தலையில் ஏறும். கொல்லவும் கூடாது. சதுப்புக்குள் விட்டுவிட வேண்டும். இதற்குக் காடு விடுவது என்று பெயர். வால் மயிரில் ஒரு கொத்து அறுத்து, "உனக்கும் எங்க வீட்டுக்கும் உறவு அத்துப்போச்சு" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நாற்பது நாளைக்குள் அந்தக் குதிரை கூப்பிட்டால் போகக் கூடாது. போனவன் அதோடேயே போய்விடுவான். பக்கிரி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். அன்றைக்கு அவனுக்கு அண்ணன் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி இருந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறாத விஷயம். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சதுப்புக்குள் வழி தெரிந்தவர் சவரிமுத்து. நண்டு பிடிக்கிறவர், ஐம்பது வயதுக்காரர். தோணி அவருடையது. சேற்றில் சறுக்கிப் போகக் கயிறு கட்டிய ஆளுயரப் பலகை ஒன்றும் நீளக் கழி ஒன்றும் எப்போதும் அதில் கிடக்கும்.

"எனக்குச் சேறு தெரியும், தண்ணி ஏறுற நேரம் தெரியும்" என்றார் அவர். "குதிரையப் பத்தி ஒண்ணும் தெரியாது. அத நீதான் சொல்லணும், தம்பி."

"சொல்றேண்ணே" என்றான் பக்கிரி.

தோணி கிளம்பியது. ஓடை பன்னிரண்டடி அகலம்தான். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கி நின்றன. வெயில் ஏற ஏறச் சேற்றின் வாடை மூக்கைக் குத்தியது. நடுப்பகலில் ஓடை குறுகித் தோணி தட்டியது. அதைக் கட்டிவிட்டு, பலகையையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு மூவரும் இறங்கி நடந்தார்கள். கணுக்கால் வரை சேறு. சில இடத்தில் முழங்கால். சவரிமுத்து முன்னால் கழியை ஊன்றிப் பார்த்து, "இங்க வை... இங்க வைக்காத" என்று சொல்லிக்கொண்டே போனார். நாலு மணி சுமாருக்கு ஒரு மணல் திட்டில் ஏறி மூச்சு வாங்கினார்கள்.

அப்போதுதான் அந்தக் கனைப்பு கேட்டது.

தென்கிழக்கிலிருந்து வந்தது. குட்டையாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. அமிர்தவல்லி துள்ளி எழுந்தாள்.

"செங்கா! கொள்ளுக்கு நேரமாச்சுன்னா இப்படித்தான் கூப்புடும். வாங்கண்ணே, போவம்."

பக்கிரி அவள் முன்னால் போய்க் குறுக்கே நின்றான்.

"போகக் கூடாது அண்ணி. காடு விட்ட குதிர கூப்புடுது. நா விட்டு இன்னும் பத்து நாளு ஆவல."

"உங்க அண்ணன் அது கூட இருப்பாரு, தம்பி."

"அண்ணன் நாள் ரெண்டானா தங்க இடம் பாப்பாரு. மேக்க இடிஞ்ச உப்பளக் கொட்டாய் இருக்கு, அங்கதான் போயிருப்பாரு. இது நம்மள இழுக்குற சத்தம். பிள்ளை ஒண்ணு போனது போதும், அண்ணி. சொன்னா கேளுங்க."

அவன் பிள்ளையைச் சொன்னதும் அவள் எடுத்து வைத்த அடியைப் பின்வாங்கினாள். சவரிமுத்து தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். செங்கா மறுபடி கூப்பிட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

"ரொம்ப தூரம் இல்ல" என்றார் சவரிமுத்து மெதுவாக. "ஒரு மைலுகூட இருக்காது."

"குதிரையப் பத்தி நான் சொல்லணும்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

சவரிமுத்து கழியைத் தூக்கினார். மூவரும் மேற்கே திரும்பினார்கள். அமிர்தவல்லி மட்டும் பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இருட்டுகிற வரைக்கும் அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பக்கிரி காதில் துண்டைச் சுற்றிக்கொண்டான்.

மேற்கே என்ன இருந்தது? கூரை பிய்ந்த கொட்டகை இருந்தது. ஒரு உடைந்த சட்டியும் பாம்புச் சட்டையும் இருந்தன. மனித வாடை இல்லை. சனிக்கிழமை முழுக்க அந்தப் பக்கம் திட்டுத் திட்டாகத் தேடினார்கள். தொண்டை கட்டும் வரை வைரக்கண்ணுவின் பெயரைக் கூவினார்கள். நீர்க்காகங்கள்தான் எழுந்து பறந்தன.

பிற்பகலில் பக்கிரி உமரிச் செடி படர்ந்த ஒரு பச்சைப் பரப்பில் காலை வைத்தான். பார்க்கத் தரை மாதிரி இருந்தது. இடுப்பு வரை சரசரவென்று இறங்கினான். எம்ப எம்ப உள்ளே இழுத்தது.

"அசையாத!" சவரிமுத்து பலகையை வீசிப் படுத்துக் கழியை நீட்டினார். அமிர்தவல்லி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் காலைப் பிடித்து இழுத்தாள். கால் மணி நேரம் போராடினார்கள். பக்கிரி வெளியே வந்து விழுந்தபோது உடம்பெல்லாம் கறுப்புச் சேறு, வாயிலும் சேறு. வாயைக் கழுவக் குடத்தைத் தேடினால் அது கவிழ்ந்து கிடந்தது. ஒரு சொட்டு நல்ல தண்ணீர் மிச்சமில்லை.

அன்று இரவு ஒரு திட்டில் படுத்துக் கிடந்தார்கள்.

ஞாயிறு காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சுற்றிலும் தண்ணீர், எல்லாம் கரிப்பு. திட்டின் ஓரத்தில் காய்ந்து கிடந்த குதிரைச் சாணத்தைச் சவரிமுத்து கழியால் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். இந்தக் குதிரைங்க கடல் தண்ணியா குடிக்கும்?"

"குடிக்காது."

"அப்ப எங்கயோ நல்ல தண்ணி குடிக்குது. குதிரை இருக்குற இடத்துலதான் நமக்குத் தண்ணி. ஒன் சாத்திரம் போவக் கூடாதுன்னுதான் சொல்லும். தாகம் போன்னு சொல்லுது. எதக் கேக்குற?"

பக்கிரி அமிர்தவல்லியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே தென்கிழக்கே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

குளம்புத் தடத்தை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் நடந்தார்கள். பத்து மணிக்கு ஒரு பெரிய மணல் மேடு வந்தது. ஏறி மறுபக்கம் பார்த்த பக்கிரி அங்கேயே நின்றுவிட்டான். கீழே நாற்பது ஐம்பது குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சிவப்பு, கறுப்பு, சாம்பல். குட்டிகள் தாயை இடித்துக்கொண்டு ஓடின. மனிதர்களைக் கண்டு பெரிதாக மிரளவும் இல்லை. ஒரு கிழட்டுக் குதிரை பத்தடி தள்ளி நின்று அவனை உற்றுப் பார்த்தது. இடது கண்ணுக்குக் கீழே சுழி. அதன் பக்கத்தில் நின்ற இளங்குதிரைக்கு இரண்டு கண்ணுக்குக் கீழும் சுழி. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிக்கும் அதே இடத்தில் சின்னதாக ஒன்று. அவன் கை தானாகவே காற்றில் தடவிப் பார்த்தது.

நாலு தலைமுறையாக ஊர் காடு விட்ட அத்தனையும் இங்கே வந்து சேர்ந்து பெருகியிருக்கின்றன. கண்ணீர்ச் சுழி, முதுகுச் சுழி, நெற்றி இரட்டைச் சுழி, எல்லாம் ஒரே மந்தையில் இருந்தன. அழுகை ஓயாத வீடு என்றால் இதைவிட ஒரு வீடு இருக்க முடியாது. அவையோ வாலைச் சுழற்றி ஈ ஓட்டிக்கொண்டு, மினுமினுவென்று, வயிறு நிறையப் புல் தின்றுகொண்டிருந்தன.

"இதுல நல்ல குதிர எது, கெட்ட குதிர எது, தம்பி?" என்று கேட்டார் சவரிமுத்து. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மேட்டின் அடிவாரத்தில் குதிரைகள் குளம்பால் மணலைத் தோண்டிப் போட்ட பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கையளவு தெளிந்த நீர். அவற்றில் கடைசிப் பள்ளத்தின் அருகே ஒரு சிவப்புக் குதிரை தனியாக நின்றது. மந்தையோடு சேராமல், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றது. அதன் நிழலில் ஒரு மனிதன் கிடந்தான்.

அமிர்தவல்லி ஓடிய ஓட்டத்தில் இரண்டு தரம் விழுந்தாள்.

வைரக்கண்ணுவுக்கு உயிர் இருந்தது. புதன்கிழமை அலையாத்தி வேர் இடுக்கில் கால் மாட்டிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்துவிட்டது. அங்கேயிருந்து செங்காவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இந்தப் பள்ளம் வரை வந்து விழுந்திருக்கிறான். கொள்ளை ஊறவைத்துத் தின்று, பள்ளத்துத் தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறான். கால் தொடை வரை வீங்கி, பாதம் கறுத்திருந்தது. சதை அழுகும் வாடை அடித்தது.

"அமிர்தம்... வெள்ளிக்கெழம சாயந்தரம் ஆள் பேச்சுச் சத்தம் கேட்டாப்புல இருந்துச்சு" என்றான் அவன் குழறலாக. "செங்காதான் கூப்புட்டுச்சு. தொண்ட கிழியக் கூப்புட்டுச்சு. ஒருத்தரும் வரல."

அமிர்தவல்லி நிமிர்ந்து பக்கிரியைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். அதற்கப்புறம் அவனை அவள் பார்க்கவே இல்லை.

"தண்ணி ஏறுது" என்று சவரிமுத்து அவசரப்படுத்தினார். "இன்னும் ரெண்டு மணி நேரத்துல இந்தத் தடமெல்லாம் முங்கிடும். தூக்குங்க."

பள்ளத்துத் தண்ணீரை ஆளுக்கு நாலு கை அள்ளிக் குடித்துவிட்டு, வைரக்கண்ணுவைப் பலகையில் கிடத்திக் கட்டினார்கள். கயிற்றைச் செங்காவின் கழுத்துப் பட்டையில் முடிந்தார்கள். கடிவாளத்தைப் பக்கிரி பிடித்தான். செங்கா இழுத்தது! சேற்றின்மேல் பலகை சளசளவென்று சறுக்கி வந்தது. பின்னால் ஓடையில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. தோணி கிடந்த திசைக்கு நேராகப் போகப் பக்கிரி கடிவாளத்தை இழுத்தான். செங்கா காலை ஊன்றி நின்றுவிட்டது. அவன் இழுத்தான், திட்டினான். அது காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அசைய மறுத்தது.

நின்ற இடத்தில் குதிரை நின்றுவிட்டால் எதிரே முனி நிற்கிறது என்று அர்த்தம். இடது தோளுக்குப் பின்னால் மூன்று தரம் துப்ப வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பக்கிரியின் தலை தானாகத் திரும்பியது. துப்பத்தான் நேரமில்லை.

சவரிமுத்து முன்னால் போய்க் கழியைக் குத்தினார். எட்டு முழக் கழி கைப்பிடி வரை உள்ளே போனது.

"விடு தம்பி" என்றார். "அது போற வழில விடு."

பக்கிரி கடிவாளத்தை விட்டான். செங்கா மோப்பம் பிடித்தபடி இடப்பக்கம் வளைந்து, ஒரு மணல் முதுகைக் கண்டுபிடித்து, அதன்மேல் விறுவிறுவென்று நடந்தது. இவர்கள் அதன் குளம்பு பட்ட இடத்தில் மட்டும் கால் வைத்துப் பின்னால் ஓடினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது பலகை மிதந்தது, மூவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். செங்கா நீந்தியது. தோணிக்கு வந்து சேர்ந்தபோது அதன் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. தோணியின் பின்னாலேயே ஊர் வரை நீந்தியும் நடந்தும் வந்தது. நாலு உயிரையும் அந்தக் குதிரை கரை சேர்த்தது.

அன்று இரவே டவுன் ஆஸ்பத்திரியில் வைரக்கண்ணுவின் காலைத் தொடையோடு எடுத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். கை கழுவிக்கொண்டே, "நேத்துக் காலைல வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். பக்கிரி வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஒரு மைலைப் போயிருந்தால் நேற்றுக் காலையில் வந்திருப்பார்கள். கணக்குப் போட அவனுக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

ஊர் என்ன செய்தது தெரியுமா? மாலை போட்டது. பத்தாம் நாள் வைரக்கண்ணுவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஸ்டேஷன் வண்டிக்காரர்கள் பதினாறு பேரும் வந்து பக்கிரியின் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டுத் துண்டு போர்த்தினார்கள்.

"மொதல்ல புள்ள, அப்பறம் காலு. எழுதி வச்ச மாதிரி சொன்னியேப்பா" என்றார் சங்கத் தலைவர். "ஒங்க அப்பா கூட இவ்வளவு சுத்தமா சொன்னதில்ல."

"நான் விடலேன்னா அண்ணன் போயிருக்கவே மாட்டாரு" என்றான் பக்கிரி. "கால ஒடிச்சது நான். அந்தக் குதிர காப்பாத்துச்சு."

"பாரு, பெரிய மனசு" என்றார் தலைவர் மற்றவர்களிடம். அன்றைக்கே மூன்று பேர் குதிரைக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் அண்ணன் வீட்டுக்குள் போனான். ஊரே சொன்னாலும் சுழியை நம்பாதவன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் சொல்லி அழுதால் போதும் என்று நினைத்தான். வைரக்கண்ணு சுவரில் சாய்ந்து, இல்லாத காலின்மேல் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நா தப்புப் பண்ணிட்டேன். சுழி கிழி ஒண்ணும் இல்லண்ணே. அங்க நாப்பது அம்பது குதிரக்கி அதே சுழி, நல்லா இருக்குதுங்க. நீ கெடந்த அன்னைக்கி செங்கா கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் மேக்க போனேன். வந்திருந்தா ஒன் காலு இருந்திருக்கும்."

வைரக்கண்ணு அவனைப் பார்த்தான். அந்தப் பழைய சிரிப்பு எங்கேயும் இல்லை.

"வந்திருந்தா நீயும் போயிருப்ப" என்றான். "நல்ல வேள வரல. அங்க கெடந்தப்ப யோசிச்சேன்டா. ஒன்னய சிரிச்சதுக்குத்தான் இந்தக் காலு. புள்ள போச்சு, காலு போச்சு. மூணாவதா இவ போறதுக்குள்ள அந்தச் சனியன கொண்டுபோயி விட்டுட்டு வா."

"அது ஒனக்கு நெழல் குடுத்துக்கிட்டு நின்னுச்சுண்ணே."

"காவு வாங்க வந்தது பக்கத்துலதான்டா நிக்கும்."

பக்கிரி அண்ணியைப் பார்த்தான். அமிர்தவல்லி அடுப்படி வாசலில் நின்றாள். அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கூட்டிக்கிட்டுப் போயிடு தம்பி. அவரு கண்ணுல படாத எடமா பாத்துப் போயிடு. நீயும்."

அன்று மாலையே அவன் செங்காவைப் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு நடந்தான். குட்டிகளோடு காத்திருந்தவர்கள் சுழி பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவன் நிற்கவில்லை. காடு விடப் போகிறான் என்று நினைத்து அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு சாலையில், குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஒரு தொட்டியருகே நின்றான். தன் மட்டக்குதிரையோடு அங்கே நின்ற ஒரு வண்டிக்காரர் செங்காவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். உடனே நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா, இது கண்ணீர்ச் சுழியில்ல? வாங்குறப்ப யாரும் பாத்துச் சொல்லலியா?"

"சொன்னாங்க. சொன்னவன் நான்தான்."

"அப்பறம்? ஒண்ணும் ஆவலியே?"

"ஆச்சு. அம்புட்டும் நான் செஞ்சது."

வண்டிக்காரருக்கு அது விளங்கவில்லை. அவர் தன் குதிரையின் கண்ணைக் கையால் மறைத்து, சாலையின் மறுபக்கத்துக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார். பக்கிரி தொட்டித் தண்ணீரில் துண்டை நனைத்துச் செங்காவின் முகத்திலிருந்த புழுதியைத் துடைத்தான். இடது கண்ணுக்குக் கீழே வந்ததும் அவன் விரல் பழக்கத்தில் நின்றது. செங்கா தலையை அவன் தோளில் சாய்த்து, கொள்ளுக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

"வர்றேன்" என்றான் அவன்.